முடிதிருத்தும் தொழிலும் ஸ்பானிய மொழியும்

எந்தத் தொழிலுக்கும் கைத்திறன் வேண்டும். மக்களோடு பழகிச் செய்யும் தொழிலுக்கு வாய்ச்சொல்லும் வேண்டும். தையற்காரர் துணியைத் தவறாக வெட்டிவிட்டால் வேறு துணி வாங்கலாம். தலைமுடியைத் தவறாக வெட்டிவிட்டால் அது வளரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் முடி வளரும். ஆகவே, வந்தவர் என்ன கேட்கிறார் என்பதைக் கத்தரியைக் கையில் எடுக்கும் முன்பே முடிதிருத்துபவர் விளங்கிக்கொள்ள வேண்டும். வந்தவரின் மொழி வேறாக இருந்தால் என்ன செய்வது? அமெரிக்காவில் முடிதிருத்துவோர் ஸ்பானிய மொழியைக் கற்பதை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை ஆராய்வோம்.

அமெரிக்காவில் ஆங்கிலம்தானே பேசுகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். அங்கே வீட்டில் ஸ்பானிய மொழி பேசுவோர் 4 கோடிக்கும் அதிகம். கலிபோர்னியா மாநிலம் 1848ஆம் ஆண்டு வரை மெக்சிகோ நாட்டைச் சேர்ந்திருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1781இல் ஸ்பானியர் ஆட்சியில் தோன்றியது. அந்த மாநிலத்தில் முடிதிருத்தும் உரிமம் பெறுவதற்கான எழுத்துத் தேர்வை ஸ்பானிய மொழியிலும் எழுதலாம். அத்தகைய ஊரில் கடை வைத்திருப்பவர் ஆங்கிலம் மட்டும் பேசினால், வாசல்வரை வந்த வாடிக்கையாளரில் பலர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

ஸ்பானிய மொழி நமக்கு முற்றிலும் அந்நியமன்று. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியரின் மொழியும் ஸ்பானிய மொழியும் உடன்பிறந்தவை. நாம் 'மேசை' என்கிறோம்; போர்த்துக்கீசியரும் ஸ்பானியரும் 'மேசா' என்பார்கள். நம்முடைய 'அலமாரி' ஸ்பானிய மொழியில் 'அர்மாரியோ'. மலாய்மொழியின் 'கெமேஜா', அதாவது சட்டை, அங்கே 'கமீசா'.

உச்சரிப்பிலும் தமிழர்க்கு ஒரு வசதி உண்டு. நம் மொழியில் 'அரை' வேறு, 'அறை' வேறு. அதுபோல ஸ்பானிய மொழியில் 'பேரோ' என்றால் 'ஆனால்' என்று பொருள். 'பேறோ' என்று றகரத்தை அழுத்தி உருட்டினால் நாய். ஆங்கிலேயர் இந்த வேறுபாட்டிற்குப் பெரிதும் திணறுவார்கள். றகரத்தை ஒழுங்காக உச்சரிக்கப் பழகிய தமிழ்ப்பிள்ளைக்கு அவ்வளவு சிரமம் இராது.

இனி, எதை முதலில் கற்பது? தொழிலுக்காகக் கற்பவர் இலக்கணப் புத்தகத்தை முதற்பக்கத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை. தம் கையருகே இருக்கும் பொருள்களிலிருந்து தொடங்கலாம். முடி 'பேலோ'. கத்தரி 'திஹேராஸ்'. சீப்பு 'பேய்னே'. தாடி 'பார்பா'. முடியின் நுனிகள் 'புந்தாஸ்'. இவற்றோடு அளவுச் சொற்கள் வேண்டும். குட்டை 'கோர்த்தோ', நீளம் 'லார்கோ'. ஆங்கிலம் அறிந்தவர் 'லார்கோ' என்பதைப் 'பெரியது' என்று எண்ணி ஏமாறுவதுண்டு. நாம் 'இரண்டு விரற்கடை' என்று அளப்பதுபோல அவர்களும் 'தோஸ் தேதோஸ்', அதாவது 'இரண்டு விரல்' என்று சொல்வார்கள். 'சோலோ லாஸ் புந்தாஸ்' என்று ஒரு பெண் கேட்டால், 'நுனியை மட்டும் வெட்டுங்கள்' என்று பொருள். 'சோலோ' என்ற அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டால் அவர் கண்ணீரோடு வீட்டுக்குப் போக நேரும்.

அடுத்தது கேள்விகள். 'கோமோ லோ கியேரே?' என்றால் 'எப்படி வேண்டும்?' 'அசீ எஸ்தா பியேன்?' என்றால் 'இப்படி இருந்தால் சரியா?' கேட்டதைத் திருப்பிச் சொல்லி, விரலால் அளவைக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும்.

மரியாதையும் சொல்லில்தான் இருக்கிறது. நம்மிடம் 'நீ', 'நீங்கள்' இருப்பதுபோல அங்கே 'தூ', 'உஸ்தேத்' என்று இரண்டு உண்டு. முன்பின் அறியாத பெரியவரை 'உஸ்தேத்' என்று அழைப்பதே முறை.

ஸ்பானிய மொழி 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஆகையால் ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் உண்டு. நெற்றியில் விழும்படி வெட்டிவிடும் முடியை ஸ்பெயினில் 'பிளெக்கீயோ' என்பார்கள்; மெக்சிகோவில் 'பிளெக்கோ'; கொலம்பியாவில் 'கப்புல்'; புவேர்ட்டோ ரிக்கோவில் 'போயீனா'. மெக்சிகோக்காரர் 'பேலோ சீனோ' என்று சொன்னால் சுருட்டைமுடி என்று பொருள்; சீனரைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைக்கக்கூடாது. எனவே, வாடிக்கையாளர் எந்த நாட்டவர் என்று கேட்டறிந்து, அவர் ஊர்ச் சொல்லைக் குறித்துக்கொள்வது நல்லது.

சொல் தெரியாமல் உடலுக்கே தீங்கு நேரும் இடங்களும் உள்ளன. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் குழாயின் மேல் 'சி' என்ற எழுத்து இருந்தால் குளிர்ந்த நீர். ஸ்பானிய நாடுகளில் அதே எழுத்து 'கலியேந்தே' என்பதைக் குறிக்கும்; அதாவது சுடுநீர்! தலை கழுவும் தொட்டியருகே நிற்பவர் இதை மறக்கலாகாது.

முடிச்சாயம் பூசுவதில் இன்னும் கவனம் வேண்டும். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் உள்ள ஒருவகை இரசாயனம் சிலருக்கு ஒவ்வாது. தோல் தடித்து முகம் வீங்கிவிடும். அதனால் 48 மணி நேரத்திற்கு முன்பே சிறிதளவு சாயத்தைத் தோலில் தடவிச் சோதிக்க வேண்டும். பூசும்போது 'மே பீக்கா' என்று ஒருவர் சொன்னால் 'அரிக்கிறது' என்கிறார். 'மே ஆர்தே' என்றால் 'எரிகிறது' என்கிறார். இவ்விரண்டையும் கேட்டவுடன் கையை நிறுத்திச் சாயத்தைக் கழுவிவிட வேண்டும். ஒரு பெண் தம்மை 'எம்பரசாதா' என்று சொன்னால், ஆங்கிலச் சொல்லின் சாயலைக் கண்டு 'வெட்கப்படுகிறார்' என்று கருதவேண்டாம். அவர் தாம் கர்ப்பமாக இருப்பதைத் தெரிவிக்கிறார்.

கற்கும் வழி எளியது. நாளுக்கு ஐந்து சொற்களைத் தாளில் எழுதிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைக்கலாம். உடன் வேலை செய்யும் ஸ்பானியரிடம் உச்சரிப்பைத் திருத்திக் கேட்கலாம். இருபதே நாளில் நூறு சொற்கள் சேரும். நாற்காலியில் அமர்ந்தவரோடு அவற்றைப் பேசிப் பேசித்தான் நாக்கு பழகும்.

நேயர்களே, இந்த வழி நம் நாட்டுக்கும் பொருந்தும். செம்பனைத் தோட்டத்திலிருந்து கிள்ளானுக்கோ ஜொகூர் பாருவுக்கோ முடியலங்காரக் கடை வேலைக்குப் போகும் பிள்ளையிடம் மலாய்க்காரரும் சீனரும் வருவார்கள். 'ரம்புட்' என்றால் முடி, 'பெண்டேக்' என்றால் குட்டை, 'டுவா ஜாரி' என்றால் இரண்டு விரல், 'பெடிஹ்' என்றால் எரிச்சல். ஸ்பானிய மொழிக்குச் சொன்ன அதே பட்டியலை மலாய்க்கும் சீனத்துக்கும் எழுதிக்கொள்ளலாம். பள்ளியில் மலாய் படித்த பிள்ளைக்குக்கூடக் கடைச்சொற்களைத் தனியே பழகுவது பயன் தரும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். இத்தொழிலைச் சாதியோடு சேர்த்து இழிவாகப் பேசிய வழக்கம் நம்மிடையே இருந்தது. அதை நாம் விட்டொழிக்க வேண்டும். மலேசியத் திறன் சான்றிதழ் பெறக்கூடிய துறைகளில் முடியலங்காரமும் ஒன்று. உங்கள் மகனோ மகளோ இத்தொழிலை விரும்பினால் தடுக்காதீர்கள். கத்தரி பிடிக்கக் கற்கும்போதே அடுத்தவர் மொழியிலும் நாலு சொல் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். பிழைப்பும் பெருகும், பிறருக்குத் தீங்கும் நேராது.