சிறார் புனைகதையில் பரிணாமப் பார்வை

சிறார் புனைகதையில் பரிணாமப் பார்வை என்பது, கதைகளில் வரும் இளம் மாந்தர்களின் வளர்ச்சியையும், அவர்கள் மூத்தோரிடமிருந்து பெறும் மரபையும் பரிணாமக் கருத்துகளின் துணையுடன் ஆராயும் அணுகுமுறை ஆகும். சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859 இல் வெளிவந்த பின், ஆங்கிலச் சிறார் நூல்கள் சிலவற்றில் இக்கருத்துகள் நேரடியாகவே இடம்பெற்றன.

நீர்க் குழந்தைகள்

டார்வினின் நூலை வரவேற்ற முதல் மதகுருக்களுள் ஒருவர் சார்லஸ் கிங்ஸ்லி. இவர் எழுதிய 'நீர்க் குழந்தைகள்' 1863 இல் நூலாக வந்தது. புகைபோக்கி துடைக்கும் சிறுவன் டாம் ஆற்றில் விழுந்து, செவுள்கள் கொண்ட நீர்க் குழந்தையாக மாறுகிறான். அங்கிருந்து அறநெறி கற்று மீண்டும் மனிதனாக உயர்கிறான். உழைப்பை மறந்து விருப்பம்போல் வாழ்ந்த ஒரு கூட்டம் படிப்படியாகக் குரங்குகளாகிப் போன கதையையும் டாம் கேட்கிறான். உயர்வு நிலையானதன்று, கற்றதைக் கைவிட்டால் வீழ்ச்சி நேரும் என்பது கிங்ஸ்லியின் எச்சரிக்கை.

மீள்நிகழ்வுக் கொள்கை

ஓர் உயிரின் கரு வளர்ச்சி, அதன் இனம் கடந்துவந்த படிநிலைகளை மீண்டும் காட்டுகிறது என்று 1866 இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் கூறினார். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904 இல் வெளியிட்ட நூலில் இதைக் குழந்தைப் பருவத்துக்கும் விரித்தார். குழந்தையின் விளையாட்டு மூதாதையர் வாழ்வின் எச்சம் எனக் கருதப்பட்டது. இதன் மறுபக்கம் தீங்கானது. குழந்தை 'பழங்குடி' எனப்பட்டதைப் போலவே, குடியேற்ற நாடுகளின் மக்கள் 'வளராத குழந்தைகள்' எனப்பட்டனர். கரு தன் மூதாதையரின் முதிர்ந்த வடிவங்களைக் கடந்து வருவதில்லை என்பதால், உயிரியல் இக்கொள்கையைப் பின்னர் கைவிட்டது.

மௌக்லியும் காட்டின் சட்டமும்

ருட்யார்ட் கிப்ளிங்கின் 'காட்டுப் புத்தகம்' 1894 இல் வெளிவந்தது. ஓநாய்கள் வளர்க்கும் சிறுவன் மௌக்லிக்குப் பாலு என்னும் கரடி காட்டின் சட்டத்தைக் கற்பிக்கிறது. இச்சட்டம் 'வலுத்தவன் வெல்வான்' என்பதன்று. இரண்டாம் நூலில், கடும் வறட்சியின்போது நீர்நிலையில் வேட்டையாடுவதே தடைசெய்யப்படுகிறது. கூட்டம் பிழைக்க ஒவ்வொருவரும் கட்டுப்பட வேண்டும் என்பதே சட்டத்தின் சாரம்.

இதற்கு நேர்மாறானவை 'பந்தர்-லோக்' எனப்படும் குரங்குகள். அவற்றுக்குச் சட்டமும் தலைமையும் நினைவும் இல்லை. அவை மௌக்லியைக் கடத்தும்போது, பாலு கற்பித்த பறவைகளின் சொல்லால் அவன் பருந்திடம் உதவி கேட்கிறான். மனப்பாடம் செய்த மரபே உயிரைக் காக்கிறது. ஆனால் மௌக்லி மரபோடு நின்றுவிடுவதில்லை. விலங்குகள் அஞ்சும் நெருப்பைக் கையில் எடுக்கிறான். ஊரில் எருமை மேய்க்கக் கற்றதைக்கொண்டு ஷேர் கான் என்னும் புலியை வீழ்த்துகிறான்.

இன்றைய நோக்கு

மனிதரின் குழந்தைப் பருவம் நீண்டது. அது கற்பதற்கான காலம் என்பது இன்றைய பரிணாம ஆய்வாளர் பலரின் கருத்து. விக்டோரியா ஹோர்னர், ஆண்ட்ரூ வைட்டன் ஆகியோர் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெட்டியைத் திறந்து பரிசை எடுக்கும் முறை சிம்பன்சிகளுக்கும் குழந்தைகளுக்கும் காட்டப்பட்டது. பெட்டி ஒளிபுகுவதாக இருந்தபோது, தேவையற்ற செயல்களைச் சிம்பன்சிகள் விட்டுவிட்டன. குழந்தைகளோ அவற்றையும் அப்படியே செய்தனர். காரணம் புரியாமலும் பின்பற்றும் இவ்வியல்பு, அறிவு தலைமுறைகளைக் கடந்து சிதையாமல் செல்ல உதவுகிறது. அதே குழந்தை விளையாட்டில் புதியதைத் தேடுகிறது. மௌக்லியிடம் இவ்விரண்டும் இணைந்துள்ளன.

வரம்புகள்

பரிணாமத்தைக் கொண்டு மட்டும் இக்கதைகளை விளக்கிவிட முடியாது. கிங்ஸ்லியின் நூலில் அயர்லாந்து மக்கள் மீதான இழிவுரைகள் உள்ளன. கிப்ளிங்கின் சட்டத்தில் ஆங்கிலேயப் பேரரசின் ஒழுங்கைக் காணும் திறனாய்வாளர்களும் உள்ளனர். குழந்தை எவ்வாறு கற்கிறது என்பதை அறிவியல் விளக்கலாம்; எந்த மரபைக் கற்பிப்பது என்பதை ஒவ்வொரு தலைமுறையின் மூத்தோரே முடிவு செய்கின்றனர்.