கித்தாரிலிருந்து பியானோவுக்கு: ஜோனி மிட்செலின் 'புளூ'

திரையிசையில் கவிஞர், இசையமைப்பாளர், பின்னணிப் பாடகர் என மூவர் பகிர்ந்துகொள்ளும் பணியை ஒருவரே மேற்கொள்ளும்போது, பாட்டில் வெளிப்படும் துயரம் யாருடையது என்ற ஐயம் கேட்பவருக்கு எழுவதில்லை. அலோர் ஸ்டாரில் பிறந்து, தாமே எழுதிப் பாடும் யூனாவை அறிந்த மலேசிய வாசகர்களுக்கு இம்மரபு புதிதன்று; அதன் உச்சமாகக் கருதத்தக்கது, கனடாவில் பிறந்த ஜோனி மிட்செல் 1971-இல் வெளியிட்ட 'புளூ' என்னும் இசைத்தொகுப்பு.

ஒன்பதாம் வயதில் தாக்கிய இளம்பிள்ளை வாதத்தால் இடக்கை வலுவிழந்த மிட்செல், கித்தார்த் தந்திகளின் சுருதியையே மாற்றிக்கொண்டு, எளிய விரல் வைப்பிலேயே செறிவான சுரக்கூட்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களின் சேர்க்கைகளை, எழுப்பும் முறையைக் கண்டார். 1968-இல் வந்த அவரது முதல் தொகுப்பு பெரும்பாலும் கித்தாரையே நம்பியிருந்தது. 1970-இல் வந்த தொகுப்பில் பியானோ கூடுதல் இடம் பெற்றது. 'புளூ'வின் பத்துப் பாடல்களில் நான்கை அவர் பியானோ வாசித்தே பாடினார். வேறு நான்கில் மடியில் வைத்து மீட்டும் டல்சிமர் என்னும் தந்திக்கருவி ஒலிக்க, கித்தார் பின்னுக்குச் சென்றது.

இம்மாற்றத்தின் பயன் கருவியின் இயல்பிலேயே இருக்கிறது. கித்தாரை மீட்டும் கை இடையறாத தாளத்தைத் தந்து குரலுக்கு ஒரு போர்வையாகிறது. தமிழர் நன்கறிந்த ஆர்மோனியமோ துருத்தியின் காற்று உள்ளவரை சுரத்தை நீட்டிக்கிறது. பியானோவில், கட்டையை அழுத்தியதும் உள்ளிருக்கும் சிறு சுத்தியல் தந்தியைத் தட்ட, எழுந்த ஒலி அக்கணமே தேயத் தொடங்குவதால், அடுத்த சுரம் வருமுன் விழும் இடைவெளியில் குரல் துணையின்றி நிற்கிறது. 'புளூ'வின் 'ரிவர்' பாடலில், கிறிஸ்துமஸ் காலத்து 'ஜிங்கிள் பெல்ஸ்' மெட்டில் தொடங்கும் பியானோ மெல்ல வேறு சுரக்கூட்டுகளுக்குள் நழுவ, ஊரார் கொண்டாட்டத்தினிடையே காதலை இழந்தவரின் தனிமை சொல் தொடங்குமுன்பே புலனாகிவிடுகிறது. இவ்வளவு வெளிப்படையாகப் பாடுவதைக் கேட்டுக் கவலையுற்ற பாடகர் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன், தமக்கென்றும் சிறிது வைத்துக்கொள்ளுமாறு மிட்செலிடம் கூறியதுண்டு.

ஆயினும் பியானோவுக்கே முழுப் பெருமையும் தருவது முறையாகாது. 1965-இல் பிறந்து தத்துக் கொடுக்கப்பட்ட தம் மகளைப் பற்றி மிட்செல் இதே தொகுப்பில் பாடிய 'லிட்டில் கிரீன்' கித்தாரில்தான் ஒலிக்கிறது. 'லிட்டில் கிரீன்', 'ரிவர்' இரண்டையும் வாசகர்கள் அடுத்தடுத்துக் கேட்டு, கருவி மாறும்போது அதே குரல் எப்படி மாறுகிறது என்பதைத் தம் செவியாலேயே அறிந்துகொள்ள வேண்டும்.