பண்டாய் (கைவினைஞர் பெயர்)

பண்டாய் என்பது மலாய், யாவானியம், பாலினீசு, தகலாகு முதலான ஆஸ்திரோனீசிய மொழிகளில் கைவினைஞரை, சிறப்பாக உலோகத் தொழிலாளரைக் குறிக்கும் சொல் ஆகும். மலாய் மொழியில் "பண்டாய் பெசி" என்பது இரும்புக் கொல்லரையும், "பண்டாய் எமாஸ்" என்பது பொற்கொல்லரையும் குறிக்கும். தனியே வரும்போது இதே சொல் "கெட்டிக்கார" என்று பொருள்படும். நன்றாகப் படிக்கும் மாணவரையும் மலாய்க்காரர் பண்டாய் என்றே கூறுவர். யாவாவிலும் பாலியிலும் இது "பண்டே" என ஒலிக்கிறது. தகலாகு மொழியில் கொல்லரைக் குறிக்கும் இச்சொல், செபுவானோ மொழியில் பெரும்பாலும் தச்சரைக் குறிக்கிறது.

சொற்பிறப்பு

கற்றவர் எனப் பொருள்படும் "பண்டித" என்ற சமஸ்கிருதச் சொல்லே பண்டாய் ஆயிற்று என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கருத்து. வட இந்தியப் பேச்சு மொழிகளில் பண்டித என்பது "பாண்டே" எனத் திரிந்துள்ளமை இதற்கு வலுச் சேர்க்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மலாய் மொழி கடன் வாங்கிய சொற்களின் இறுதித் தகரத்தைப் பொதுவாக விட்டுவிடுவதில்லை. "கதா" என்பது காத்தா (சொல்) எனவும், "சரித" என்பது செரித்தா (கதை) எனவும் வழங்குகின்றன. பண்டித என்ற சொல்லும் "பெண்டேத்தா" என்ற வடிவில் தனியாகவே இருக்கிறது. முன்னர் சமயத் துறவியரைக் குறித்த இச்சொல் இன்று இந்தோனேசியாவில் சீர்திருத்தக் கிறித்தவப் போதகரைக் குறிக்கிறது. எனவே பண்டாய் என்பது ஆஸ்திரோனீசிய மொழிகளின் சொந்தச் சொல்லே என்றும், பண்டிதருடன் உள்ள ஒப்புமை தற்செயலானது என்றும் வேறு சில மொழியியலாளர் கருதுகின்றனர். இத்தீவுகளில் கிடைத்த மிகப் பழைய சமஸ்கிருதக் கல்வெட்டுகள் போர்னியோவின் கூத்தாய் பகுதியில் உள்ளவை. அவை ஏறத்தாழ கி.பி. 400 ஐச் சேர்ந்தவை. இரும்புத் தொழிலோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கு இருந்தது. இரும்பின் பெயரான "பெசி"யும் சமஸ்கிருதம் அன்று. தொழிலும் தொழிற்பொருளின் பெயரும் முன்பே இருக்க, தொழிலாளியின் பெயர் மட்டும் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

கொல்லர் பெயரில் ஐயம் இருந்தாலும், அவர் கையாண்ட சில உலோகங்களின் பெயர்களில் ஐயமில்லை. செம்பைக் குறிக்கும் "தெம்பாகா" தாமிரத்துடன் தொடர்புடையது. பிராகிருத வடிவம் ஒன்றின் வழியாக வந்தது. இதுவே ஸ்பானிய மொழியில் "தும்பாகா" ஆகி, அமெரிக்கப் பழங்குடியினரின் பொன்-செம்புக் கலவைக்குப் பெயராயிற்று. வெண்கலத்தைக் குறித்த "கம்ச" என்ற சொல் "கங்சா" என மாறியது. பாலியில் கங்சா என்பது உலோகப் பட்டைகள் கொண்ட இசைக்கருவி. வட லூசோன் மலைநாட்டில் அது தட்டையான சேகண்டி. பொன்னைக் குறிக்கும் "எமாஸ்", உளுந்தையும் அதன் அளவான சிறு நிறையையும் குறித்த "மாஷ" என்பதிலிருந்து வந்தது என்பர். உலோகம் என்பதற்கு மலாய் மொழியில் வழங்கும் "லோகாம்" இறுதி மகரத்துடன் இருப்பதால் தமிழ் வழியாகச் சென்றதாகக் கருதப்படுகிறது. கைவினைஞரே கடல் கடந்து சென்றதற்கும் சான்று உண்டு: தென் தாய்லாந்தின் குளோங் தோம் என்ற இடத்தில் "பெரும்பதன் கல்" எனத் தமிழ்-பிராமியில் பொறிக்கப்பட்ட பொற்கொல்லர் உரைகல் ஒன்று கிடைத்துள்ளது.

யாவாவும் பாலியும்

9, 10 ஆம் நூற்றாண்டு யாவானியச் சாசனங்களில் பொன், இரும்பு, செம்பு, வெண்கலம் ஆகியவற்றில் வேலை செய்த பண்டேக்கள் தனித்தனியே குறிப்பிடப்படுகின்றனர். வரிவிலக்குப் பெற்ற ஊர்களில் இத்தனை துருத்திகள் வரைதான் வரியின்றி இயங்கலாம் என்று அவை வரம்பிட்டன. துருத்தியைக் கொண்டு பட்டறையின் அளவைக் கணித்தது நடைமுறைக்கு ஏற்ற முறையே. மத்திய யாவாவில் உள்ள 15 ஆம் நூற்றாண்டுச் சுக்குக் கோயிலின் புடைப்புச் சிற்பம் ஒன்று இப்பட்டறையைக் காட்டுகிறது. பீமன் எனக் கருதப்படுபவர் ஆயுதம் வடிக்கிறார். மறுபுறம் ஒருவர் நின்றபடி இரட்டைக் குழாய்த் துருத்தியை இயக்குகிறார். நடுவில் யானைமுகக் கடவுள் ஆடுகிறார்.

பாலியில் பண்டே என்பது தொழிற்பெயர் மட்டுமன்று, குலப்பெயரும் ஆகும். இக்குலத்தார் நெருப்புக் கடவுளாகப் பிரம்மனை வழிபடுகின்றனர். பிராமணப் பூசாரிகளிடம் தீர்த்தம் பெறாமல், "எம்பு" எனப்படும் தம் குலப் பூசாரிகளிடமே பெறும் வழக்கம் இவர்களிடம் உண்டு. இது குறித்து நீண்ட பிணக்குகளும் இருந்துள்ளன. பெசாக்கி கோயில் தொகுதியிலும் இவர்களுக்கெனத் தனிக் கோயில் உள்ளது. மரியாதைக்குரிய பெரியவரைக் குறிக்கும் எம்பு, ஆஸ்திரோனீசியச் சொல்; யாவாவில் கிரிஸ் என்னும் குத்துவாள் செய்யும் கொல்லரின் பட்டமும் இதுவே.

பிலிப்பைன்ஸ்

மணிலாவில் பீரங்கி வார்த்ததாகக் கூறப்படும் "பண்டாய் பிரா" பற்றிப் பிலிப்பைன்ஸ் மாணவர்கள் படித்து வந்துள்ளனர். அவர் பிறப்பு 1488 எனவும் இறப்பு 1576 எனவும் தரப்பட்டாலும், இதற்கான வரலாற்றுச் சான்று வலுவானதன்று. இச்சொல்லை அந்நாட்டில் மேலும் பரப்பியது கார்லோ ஜே. கபரஸ் எழுதிய "ஆங் பண்டாய்" என்ற படக்கதை ஆகும். இதில் வரும் கொல்லர், தாமே வடித்த குத்துவாளைக் கொண்டு தீயவரை எதிர்க்கிறார். பெர்னாண்டோ போ நடிப்பில் 1980 இல் இது திரைப்படமாக வெளிவந்தது.