குறுநாவல்: சொல்லும் வடிவமும்

இத்தாலிய மொழியின் ‘நொவெல்லா’ என்னும் சொல்லுக்குப் ‘புதியது’, ‘செய்தி’ என்பன அடிப்படைப் பொருள்கள். தமிழில் நாவலைக் குறிக்கும் ‘புதினம்’ என்பதும் இவ்விரு பொருளையும் உடையது. ஈழத்தமிழில் அது செய்தியைக் குறிக்கும். வேர்ப்பொருள் இவ்வாறு ஒத்திருப்பினும், நொவெல்லாவின் இனச்சொற்கள் ஐரோப்பிய மொழிகளில் வெவ்வேறு இலக்கிய வகைகளைச் சுட்டுகின்றன. இதனைக் கருதாது மொழிபெயர்க்குமிடத்து வகையே மாறிவிடும்.

பொக்காச்சியோவின் ‘டெக்கமரான்’ நூலிலுள்ள 100 கதைகளும் நொவெல்லா எனப்படுவன. அவற்றுட் பல சில பக்கங்களில் முடிபவை. 1613இல் செர்வாந்தஸ் வெளியிட்ட 12 கதைகளின் தொகுப்பு ‘நொவேலா’ என்னும் பெயரைத் தாங்கியது. இன்றைய ஸ்பானிய மொழியில் அச்சொல் நாவலைக் குறிக்கிறது. பிரெஞ்சு மொழியின் ‘நூவெல்’ பெரும்பாலும் சிறுகதையே.

ஜெர்மன் மொழியில் ‘நொவெல்லெ’ அளவால் வரையறுக்கப்படுவதன்று. நடந்தேறிய, ஆனால் முன்பு கேள்விப்படாத ஒரு நிகழ்ச்சியே அதன் உயிர் என்னும் கருத்தை 1827இல் கெதே எக்கர்மனிடம் கூறினார். பொக்காச்சியோவின் வல்லூறுக் கதையை முன்மாதிரியாகக் காட்டி, ஒவ்வொரு நொவெல்லெக்கும் அதனைத் தனித்துக் காட்டும் கூறு ஒன்று வேண்டும் என்றார் பவுல் ஹைசெ (1871).

தமிழில் ‘குறுநாவல்’ என்னும் தொடர் நாவலை அளவுகோலாகக் கொண்டு அமைந்தது. ‘கணையாழி’ இதழ் தி. ஜானகிராமன் நினைவாக நடத்திய குறுநாவல் போட்டிகள் இப்பெயரைப் பரவலாக்கத் துணைபுரிந்தன. ஆங்கில வழக்கிலும் அளவே முதன்மை பெறுகிறது. நெபுலா விருதின் விதிப்படி 17,500 சொற்களுக்குக் குறையாததும் 40,000 சொற்களை எட்டாததுமான படைப்பு இவ்வகையில் அடங்கும். எனினும் இவ்வெண்கள் தமிழுக்குப் பொருந்தா. ஆங்கிலத்தில் மூன்று சொற்களால் உணர்த்தப்படுவதை ‘வீட்டிலிருந்து’ என ஒரே சொல்லாகத் தமிழ் உணர்த்தும். ஆகவே கீழெல்லையை ஒட்டிய ஆங்கிலப் படைப்பு தமிழில் அவ்வெல்லைக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். அதனால் அதன் வடிவம் மாறிவிட்டதாகக் கொள்ளவியலாது.

எனவே ஆங்கில வழக்கிற்குக் ‘குறுநாவல்’ ஏற்புடையது. பிரெஞ்சு ‘நூவெல்’ வருமிடத்துச் ‘சிறுகதை’ பொருந்துமா என முதலில் நோக்குதல் வேண்டும். ஜெர்மன் வகைப்பெயரை ‘நொவெல்லெ’ என்றே எழுதி, முன்னுரையில் விளக்குதல் நன்று. குறுநாவல் எனப் பெயரிட்டால், வாசகர் அதனைச் சுருங்கிய நாவலாகக் கொண்டு, இல்லாத கிளைக்கதைகளைத் தேடுவர். அதன் மையமான ஒற்றை நிகழ்ச்சி கவனத்திலிருந்து நழுவிவிடும்.