ஸஹர் நேரத்துத் தகரா ஓசை

ரமழான் மாதம். ஊர் உறங்கும் பின்னிரவு. தெருக்கோடியில் தகரா ஓசை கேட்கும். பச்சைத் தலைப்பாகையோடு பக்கீர் பாவா பைத்துப் பாடிக்கொண்டு வருவார். "பாவா வந்திட்டார், எழும்புங்க புள்ளையள்!" என்று உம்மா ஸஹருக்கு எழுப்புவார். கிண்ணியாவிலும் மூதூரிலும் வளர்ந்த மூத்தவர்களுக்கு இந்த ஓசை மறக்குமா?

சூபித்துவம் என்றதும் பெரிய தத்துவ நூல்களே நம் நினைவுக்கு வரும். ஆனால் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நம் ஊர்களின் வீடுகளுக்குள் அது பாட்டாகத்தான் நுழைந்தது.

அந்தப் பாட்டு கடல் கடந்து வந்தது. தொண்டிக்கு அருகே குணங்குடியில் 1792-ல் பிறந்து, 1838-ல் சென்னை இராயபுரத்தில் மறைந்த மெய்ஞ்ஞானி மஸ்தான் சாகிபு, தாயுமானவர் கையாண்ட கண்ணி வடிவிலேயே இறைக்காதலைப் பாடினார். எழுத்தறியாதவரும் அதைக் கேட்டு உருகினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) இலங்கைக்கு வந்து மார்க்கப் பணி செய்தார். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் அவர் நூல்கள் இயற்றினார். பள்ளிக்கூடம் போகாத நம் மூதாட்டிகள் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே இத்தகைய நூல்களையும் வாசித்தார்கள். எத்தனை பெரிய கல்விப் பணி!

கடலோடிகளுக்கோ நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகம் நெருக்கமானவர். மூழ்க இருந்த கப்பலைக் காத்தார் என்ற கதை சிங்கப்பூர், பினாங்கு வரை போயிற்று. அங்கெல்லாம் அவர் பெயரில் நினைவிடங்கள் எழுந்தன. நம் கிழக்கிலும் கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் அவர் நினைவாகக் கொடி ஏறுகிறது.

இவற்றில் சில வழக்கங்கள் மார்க்கத்துக்கு உடன்பாடானவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதை ஆலிம்கள் ஆராயட்டும். ஆனால் ஒரு வழக்கத்தை விடுவது வேறு. அதோடு வந்த தமிழைத் தொலைப்பது வேறு. 2004 டிசம்பர் 26-ல் கடல் கிண்ணியாவுக்குள் புகுந்தது. 2006-ல் மூதூர் மக்கள் போரால் ஊரைவிட்டு வெளியேறினர். மனிதரை இழந்த துயரின் நடுவே, பெட்டியில் கிடந்த பழைய ஏடுகளை யார் தேடினார்கள்?

ஏடுகள் போனாலும் நினைவு முழுவதும் போய்விடவில்லை. சகோதரிகளே, உங்கள் உம்மம்மாவின் அருகில் இன்றே அமருங்கள். தாலாட்டோ, பைத்தோ, அவர் நினைவில் உள்ளதைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சொல்லுக்குச் சொல் எழுதி, பாடியவர் பெயரையும் ஊரையும் குறித்து வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கக்கூடிய சொத்து அது.