தோல்வியில் கற்ற மருத்துவர்

நுழையும்முன்

வெற்றி பெற்றவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்கள் அடைந்த தோல்விகளை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். மருத்துவ ஆராய்ச்சியில் அவ்வாறு கடந்துவிட இயலாது. அங்கே தோல்வி என்பது ஓர் உயிரின் இழப்பு. அவ்விழப்பின் காரணத்தை அறியும்வரை தம் பணியை நிறுத்திவைத்து, அறிந்தபின் மீண்டும் தொடங்கிய ஓர் அறுவை மருத்துவரைப் பற்றியது இப்பாடம்.

ஈரல் என்னும் உறுப்பு

மாணவர்களே, நீங்கள் கீழே விழுந்து அடிபட்ட செய்தியைக் கேட்ட உங்கள் பாட்டி, "என் ஈரக்குலையே நடுங்கிப் போச்சு கண்ணு" என்று தொலைபேசியில் சொல்லியிருப்பார். ஈரற்குலை என்னும் சொல்லே பேச்சுவழக்கில் ஈரக்குலை ஆயிற்று. ஈரல் முதலிய உள்ளுறுப்புகளின் தொகுதியை அது குறிக்கும். உயிரின் நிலைக்களமாக ஈரலைக் கருதிய மக்களின் வழக்கு அது. அறிவியலும் அக்கருத்துக்கு அருகிலேயே நிற்கிறது.

வளர்ந்த ஒருவரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடை கொண்டது. வயிற்றின் வலப்புறம், விலா எலும்புகளின் பாதுகாப்பில் அது அமைந்துள்ளது. உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரையைச் சேமித்தல், நச்சுப் பொருள்களை முறித்தல், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரைச் சுரத்தல், குருதி உறைவதற்கான புரதங்களை உருவாக்குதல் எனப் பல பணிகளை அது செய்கிறது. சிறுநீரகம் பழுதுற்றால் குருதியைத் தூய்மை செய்ய இயந்திரம் உண்டு. கல்லீரலின் பணிகள் அனைத்தையும் நெடுங்காலம் செய்யவல்ல இயந்திரம் எதுவும் இன்றுவரை இல்லை. எனவே, அது முற்றிலும் செயலிழந்தால் வேறொரு கல்லீரலைப் பொருத்துவதே வழி.

ஆய்வின் தொடக்கம்

அவ்வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் தாமஸ் ஸ்டார்சல். இவர் 1926ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் லெ மார்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை செய்தித்தாள் ஆசிரியர், தாய் செவிலியர். ஸ்டார்சல் இளைஞராக இருந்தபோதே அவருடைய தாய் மார்பகப் புற்றுநோயால் மறைந்தார். பின்னர் ஸ்டார்சல் மருத்துவம் பயின்று, நரம்பு இயங்கியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

1950களின் பிற்பகுதியில், கணையத்துக்கும் கல்லீரலுக்கும் உள்ள தொடர்பு அவருடைய கவனத்தை ஈர்த்தது. கணையம் இரைப்பையின் பின்புறம் உள்ளது. அதில் சுரக்கும் இன்சுலின், குருதியோடு கலந்து முதலில் கல்லீரலையே சென்றடைகிறது. அக்குருதி கல்லீரலுக்குச் செல்லாதவாறு திருப்பிவிடப்பட்டால் கல்லீரல் சுருங்குவதை ஆய்வாளர்கள் கண்டனர். அதன் காரணத்தைத் தேடிய ஸ்டார்சலும் அவருடைய குழுவினரும், கல்லீரலின் நலத்தைக் காக்கும் பொருள்களுள் இன்சுலின் முதன்மையானது என்பதைப் பின்னாளில் நிறுவினர். இத்தேடலின்போதுதான் கல்லீரலை முழுமையாக அகற்றும் முறையையும், வேறொன்றைப் பொருத்தும் முறையையும் அவர் நாய்களிடத்தில் செய்து பழகினார்.

1963

கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில், 1963ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளன்று, உலகின் முதல் மனிதக் கல்லீரல் மாற்று அறுவையை ஸ்டார்சல் மேற்கொண்டார். நோயாளி மூன்று வயதுச் சிறுவன். பிறவியிலேயே பித்தநாளங்கள் சரியாக அமையாத நோய் அவனுக்கு இருந்தது. வெளியேற வழியின்றித் தேங்கும் பித்தநீர் கல்லீரலைச் சிறிது சிறிதாக அழிக்கும். கண்ணும் தோலும் மஞ்சளாகும்.

பழுதுற்ற கல்லீரல் குருதி உறைவதற்கான புரதங்களைப் போதிய அளவு உருவாக்குவதில்லை. ஆகவே, வெட்டிய இடமெல்லாம் குருதி கசிந்தது. நிறுத்த இயலவில்லை. சிறுவன் அறுவை மேசையிலேயே உயிரிழந்தான்.

அவ்வாண்டில் மேலும் நால்வருக்கு டென்வரில் இம்முயற்சி நடைபெற்றது. குருதிக்கசிவைத் தடுக்க, உறைதலைத் தூண்டும் மருந்துகள் இம்முறை அளிக்கப்பட்டன. கசிவு கட்டுப்பட்டது. ஆனால், புதிய இடர் தோன்றியது. பழைய கல்லீரலை எடுத்துப் புதியதைப் பொருத்தும் வரை, உடலின் கீழ்ப்பகுதிக் குருதியை ஒரு குழாய் வழியாக இதயத்தின் பக்கம் திருப்பிவிட வேண்டியிருந்தது. அக்குழாயில் குருதி உறைந்து கட்டிகளாகி, நுரையீரலைச் சென்று அடைத்தது. முதல் இடருக்கான மருந்தே இரண்டாம் இடருக்குக் காரணமாயிற்று. எவரும் 23 நாள்களுக்கு மேல் வாழவில்லை. பாஸ்டன், பாரிஸ் நகரங்களில் பிறர் செய்த முயற்சிகளும் தோல்வியுற்றன.

நிறுத்தமும் தொடக்கமும்

ஸ்டார்சல் தம் முயற்சியைத் தாமே நிறுத்தினார். அவரைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. அறுவைக்கு வராவிட்டாலும் நோயாளிகள் இறக்கத்தான் போகிறார்கள் என்று அவர் வாதிட்டிருக்கலாம். ஆயினும், காரணம் அறியாமல் மீண்டும் மீண்டும் முயல்வது முறையன்று என அவர் தெளிந்தார். அறுவைக்கு முன் தமக்கு எழும் அச்சத்தையும், இறந்த குழந்தைகளின் நினைவையும் தம் தன்வரலாற்று நூலில் அவர் மறைக்காமல் எழுதியுள்ளார்.

அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மேல், பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் சிறுநீரக மாற்றுப் பணியிலும் அவர் ஈடுபட்டார். அவர் எதிர்கொண்ட பெருந்தடை, நம் உடலின் காவல் ஆற்றலே. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் அவ்வாற்றல், பிறருடைய உறுப்பையும் பகையாகக் கருதித் தாக்கும். அதனை அடக்க வேண்டும். அளவுக்கு மீறி அடக்கினால் சிறு தொற்றும் உயிரைப் பறிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை மருந்துகளைச் சேர்த்தும் குறைத்தும் அவர் தேடினார். கொடையாகப் பெற்ற உறுப்பைக் கெடாமல் காக்கும் முறைகளும் மேம்பட்டன.

1967ஆம் ஆண்டு ஜூலை மாதம், கல்லீரல் புற்றுநோய் கொண்ட 19 மாதப் பெண்குழந்தைக்கு ஸ்டார்சல் புதிய கல்லீரலைப் பொருத்தினார். அக்குழந்தை 400 நாள்கள் வாழ்ந்தது. புதிய கல்லீரல் செவ்வனே இயங்கியது. ஆனால், புற்றுநோய் திரும்பி வந்து உயிரைக் கவர்ந்தது.

மண் தந்த மருந்துகள்

1970களிலும் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தவர்கள் பாதிக்கும் குறைவே. இந்நிலையை மாற்றியது, மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து. இதனை உறுப்பு மாற்றில் முதலில் பயன்படுத்தியவர் இங்கிலாந்தின் ராய் கான். 1980ஆம் ஆண்டு ஸ்டார்சல் அதனுடன் ஸ்டீராய்டு மருந்தைச் சேர்த்து அளித்தார். ஓராண்டு வாழ்ந்தோர் ஏறத்தாழ 70 விழுக்காடாயினர். 1981ஆம் ஆண்டு அவர் பிட்ஸ்பர்க் நகருக்குச் சென்றார். கல்லீரல் மாற்று வெறும் சோதனை முயற்சி அன்று, ஏற்கத்தக்க சிகிச்சையே என்று 1983இல் அமெரிக்க வல்லுநர் குழு அறிவித்தது. ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கண்டறியப்பட்ட டாக்ரோலிமஸ் மருந்தை 1989இல் ஸ்டார்சல் குழுவினர் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். இன்றும் அதுவே இச்சிகிச்சையின் முதன்மை மருந்தாகும்.

புற்றுநோய் கற்பித்த பாடம்

1967இல் அறுவை செய்யப்பட்ட அக்குழந்தை பின்னர் மறைந்த காரணத்தையும் ஸ்டார்சல் மறக்கவில்லை. 1988ஆம் ஆண்டு, மேல்வயிற்றில் பரவிய புற்றுநோய்களுக்கு ஒரு புதிய அறுவையை அவர் மேற்கொண்டார். கல்லீரல், கணையம், இரைப்பை, மண்ணீரல், முன்சிறுகுடல் ஆகியவற்றை ஒன்றாக அகற்றி, கொடையாளரின் கல்லீரலையும் கணையத்தையும் முன்சிறுகுடலையும் திராட்சைக் குலைபோல் ஒன்றாகவே பொருத்தினார். பலருக்குப் புற்றுநோய் திரும்பியது.

இதன் காரணம் எளிதில் விளங்கும். கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் முன்னரே வேறிடங்களுக்குப் பரவியிருக்கலாம். மாற்று உறுப்பைக் காப்பதற்காக உடலின் காவலை அடக்கும்போது, அவ்வணுக்களுக்கு எதிரான காவலும் குறைகிறது. எனவே, கல்லீரலில் சிறிய அளவில் உள்ள புற்றுக்கட்டிகளுக்கு மட்டும் மாற்றுச் சிகிச்சை நற்பயன் தரும் என்பதை 1996இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் வரையறுத்தனர்.

கணையப் புற்றுநோய் இன்னும் கடினமானது. கணையம் ஆழத்தில் மறைந்திருப்பதால் தொடக்கத்தில் அறிகுறி தோன்றுவது அரிது. கட்டி வளர்ந்து பித்தநாளத்தை அழுத்தும்போதோ, வலி மிகும்போதோதான் பலர் மருத்துவரை நாடுகின்றனர். அதற்குள் நோய் பரவிவிடுகிறது. பரவாத நிலையில் கண்டறியப்பட்டவர்களுக்கே அறுவை பயன் தருகிறது. ஆகவே, இந்நோயை முன்கூட்டியே கண்டறியும் வழிகளை உலகெங்கும் ஆராய்ந்து வருகின்றனர்.

காஞ்சிபுரத்துக் குழந்தை

கல்லீரலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் எஞ்சிய பகுதி மீண்டும் வளரும். ஆதலால், உயிருடன் இருப்பவரும் தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ரசல் ஸ்ட்ராங் என்னும் மருத்துவர் ஒரு தாயின் கல்லீரல் பகுதியை அவருடைய மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார்.

இந்தியாவில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. 1998ஆம் ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இரண்டு வயது நிரம்பாத ஒரு குழந்தை தில்லிக்குக் கொண்டுவரப்பட்டது. பிறவியிலேயே பித்தநாளங்கள் சரியாக அமையாத அதே நோய். தந்தை தம் கல்லீரலின் ஒரு பகுதியை அளித்தார். குழந்தை பிழைத்தது. இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றியாக அமைந்த முதல் கல்லீரல் மாற்று அதுவே. அக்குழந்தை வளர்ந்து, படித்து, மருத்துவரானது.

டென்வர் சிறுவனுக்கும் காஞ்சிபுரத்துக் குழந்தைக்கும் நோய் ஒன்று. இடையே 35 ஆண்டுகள். ஒருவருக்குக் கிட்டாதது மற்றவருக்குக் கிட்டியதற்குக் காரணம், முதலில் இறந்தவர்களின் மரணத்திலிருந்து மருத்துவர்கள் கற்றுக்கொண்டதே. 2012இல் லாஸ்கர் விருதை ராய் கானுடன் பகிர்ந்துகொண்ட ஸ்டார்சல், 2017ஆம் ஆண்டு மறைந்தார். அவர் வரலாற்றைக் கூறும்போது, அந்த மூன்று வயதுச் சிறுவனையும் அவனை நம்பிக்கையோடு ஒப்படைத்த பெற்றோரையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

சொல்லும் பொருளும்

குருதி – இரத்தம்
இடர் – துன்பம், தடை
செவ்வனே – நன்றாக
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு
நிலைக்களம் – தங்கும் இடம்

சிந்தித்து விடையளிக்க

1. குருதிக்கசிவைத் தடுக்க அளித்த மருந்து புதிய இடரை எவ்வாறு உண்டாக்கியது?
2. பிறர் தடுக்காதபோதும் ஸ்டார்சல் தம் முயற்சியை நிறுத்தியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. "ஈரக்குலை நடுங்கியது" போல, உடலுறுப்புகளின் பெயர் வரும் தமிழ்த் தொடர்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஐந்து எழுதுக.