தப்பு விடை என்ன சொல்கிறது?

மரக்காணத்து உப்பளத்தை வைத்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி எழுதிப் பார்ப்போம். பாத்தியில் உவர்நீரைப் பாய்ச்சி நிறுத்துகிறார்கள். வெயிலில் நீர் வற்றி உப்பு நிற்கிறது. பாத்தியில் இருந்த நீர் எங்கே போயிற்று? கீழே நான்கு விடைகள் தருகிறோம்: மண்ணுக்குள் இறங்கிவிட்டது, சூரியன் உறிஞ்சிக்கொண்டது, உப்பாக மாறிவிட்டது, ஆவியாகிக் காற்றில் கலந்துவிட்டது.

நான்காவதுதான் சரி. அதை எழுதிய பிள்ளைக்கு ஒரு மதிப்பெண், மற்றவர்களுக்குப் பூஜ்யம். பெரும்பாலும் நாம் இங்கேயே நின்றுவிடுகிறோம். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். டீ ஆறினாலும் பரவாயில்லை, நாம் இன்னும் கொஞ்ச நேரம் அந்த மூன்று தப்பு விடைகளோடு உட்கார்ந்திருப்போம்.

மண்ணுக்குள் இறங்கியது என்று எழுதிய பிள்ளை, வாசலில் கொட்டிய தண்ணீர் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறாள். பாத்தித் தரையை மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவதே நீர் இறங்காமல் இருக்கத்தான் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. சூரியன் உறிஞ்சியது என்று எழுதியவன், வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதியிருக்கிறான். நாம் அப்படித்தானே சொல்கிறோம்? உப்பாக மாறியது என்று எழுதியவளோ நேற்று நீரைப் பார்த்தாள், இன்று அதே இடத்தில் உப்பைப் பார்த்தாள். இரண்டையும் கோத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். கரைந்த பொருள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நீருக்குள் இருக்கிறது என்பதுதான் அவளுக்கு இன்னும் எட்டாத படி.

தேர்வைப் பற்றி நம் எல்லோருக்கும் இருக்கும் தப்பெண்ணம் இதுதான்: தப்பு விடை என்றால் அந்த இடத்தில் பிள்ளையின் மண்டையில் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பூஜ்யம் என்ற எண் அப்படி நம்மைப் பழக்கியிருக்கிறது. உண்மையில் வெற்றிடம் மிக அபூர்வம். பாடம் அந்த இடத்துக்கு வந்து சேருமுன்பே அங்கே ஒரு விளக்கம் குடியிருக்கிறது. பிள்ளை தானே பார்த்து, கேட்டு, யோசித்துக் கட்டிய விளக்கம் அது. அதனால்தான் அது அத்தனை எளிதில் வெளியேறுவதில்லை. வெற்றிடம் என்று நினைக்கும் ஆசிரியர் பாடத்தை இன்னொரு முறை சத்தமாகச் சொல்கிறார். குடியிருக்கும் விளக்கம் அசையாமல் அங்கேயே இருக்கிறது.

இது மரக்காணத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சங்கதி என்று எண்ணவேண்டாம். ஆஸ்போர்ன், காஸ்குரோவ் என்ற இரு ஆய்வாளர்கள் நியூசிலாந்துப் பிள்ளைகளிடம் கொதிக்கும் தண்ணீரைக் காட்டி, மேலே வரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். காற்று என்றார்கள் சிலர். வெப்பம் என்றார்கள் சிலர். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றும் பலர் சொன்னார்கள். 1983-ல் வெளிவந்த ஆய்வு இது. ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற விடையைக் கவனியுங்கள். அதைச் சொல்வதற்குப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும்! நீர் இந்த இரண்டாலும் ஆனது என்று படித்த பாடம், கொதித்தால் நீர் இரண்டாகப் பிரிகிறது என்ற புதிய தப்பாக உருவெடுத்திருக்கிறது. குமிழிக்குள் இருப்பது நீராவி. அதுவும் நீர்தான்.

சரி, அந்த மூன்று தப்பு விடைகளை எங்கிருந்து எடுப்பது? ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுதினால், யாரும் நம்பாத வெட்டி விடைகள் வந்துவிடும். நீர் கல்லாகிவிட்டது என்று ஒரு விடை கொடுத்தால் அதை யார் எழுதப்போகிறார்கள்? அந்த இடம் வீண். முதலில் விடைகளே தராமல் கேள்வியை மட்டும் கொடுத்து, உனக்குத் தோன்றுவதை இரண்டு வரி எழுது என்று கேட்க வேண்டும். வரும் தாள்களைக் குவியல் குவியலாகப் பிரித்தால், அடிக்கடி வரும் தப்பு எது என்று தெரிந்துவிடும். அவற்றைப் பிள்ளைகளின் சொற்களிலேயே விடைகளாக வைக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான். ஆனால் இப்படிச் செய்த ஒரு கேள்வி, அவசரமாக அச்சடித்த ஐம்பது கேள்விகளுக்குச் சமம் என்பேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சரியான விடையும் ஏமாற்றலாம். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. மனப்பாடமாக ஆவியாதல் என்று எழுதிவிடும் பிள்ளையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் டேவிட் டிரகஸ்ட் என்ற கல்வியாளர் 1988-ல் இதற்கு ஒரு வழி எழுதினார். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு அடுக்காக வையுங்கள் என்றார். மேலடுக்கில் விடை, கீழடுக்கில் அதற்கான காரணம். இரண்டிலும் நான்கு நான்கு விடைகள் இருந்தால், குருட்டடியில் இரண்டும் சரியாக விழும் வாய்ப்பு பதினாறில் ஒன்றாகக் குறைந்துவிடும். உப்பளக் கேள்விக்கு ஒரு துணைக்கேள்வி போடுவதானால் நான் இதைக் கேட்பேன்: கடல்நீர் ஆவியாகித்தான் மழையாகிறது என்றால், மழைநீர் ஏன் கரிப்பதில்லை? நீர் மட்டும் மேலே போகிறது, உப்பு கீழேயே தங்கிவிடுகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கே ஆவியாதல் புரிந்திருக்கிறது.

நாம் இதுவரை பேசியது வேதியியலா இயற்பியலா? ஆறு முதல் எட்டு வரை நம் பிள்ளைகளுக்கு அறிவியல் ஒரே பாடம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஒரே புத்தகத்துக்குள் வருகின்றன. பாத்தியும் அப்படித்தான் கிடக்கிறது. வெயில் ஒரே அளவாக அடிக்கும் இரண்டு நாட்கள். ஒரு நாள் காற்று அசையாமல் புழுங்குகிறது, இன்னொரு நாள் வறண்ட ஆடிக்காற்று வீசுகிறது. எந்த நாளில் உப்பு சீக்கிரம் விளையும்? இரண்டும் ஒன்றுதான் என்று எழுதும் பிள்ளை, வெப்பம் மட்டுமே நீரை வற்றவைக்கும் என்று நம்புகிறது. காற்றின் ஈரத்துக்கும் வீச்சுக்கும் அதில் பங்கு இருப்பதை அதற்குக் காட்ட வேண்டும். இன்னொன்று. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நம் கரையோரம் பல வயல்களில் கடல்நீர் புகுந்தது. வயலில் நீர் நிறைய நிற்கிறது, பயிரோ வாடுகிறது. ஏன்? உப்பு சூடு, அது வேரைச் சுட்டுவிட்டது என்று எழுதுவார்கள் சிலர். வேர் நீரை இழுப்பது சவ்வூடு பரவலால். உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு, வேரின் மெல்லிய சவ்வு வழியாக நீர் நகர்கிறது. வெளியே உப்பு மிகுந்துவிட்டால் நீர் உள்ளே வர வழியில்லை. நீருக்கு நடுவே நின்றபடி பயிர் தாகத்தில் வாடுகிறது. உப்பு பயிருக்கு நஞ்சாவதும் உண்டு. அதைப் பெரிய வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

உப்பளத்தை வைத்தே எல்லாக் கேள்வியும் கேட்பதில் ஒரு நியாயப் பிரச்சினை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆடிக்காற்று அடித்தால் உப்பு என்னவாகும் என்று உப்பளத் தொழிலாளியின் மகளுக்கு வீட்டிலேயே தெரியும். அதே மாவட்டத்தில் செஞ்சியில் படிக்கும் பையன் பாத்தியைப் பார்த்தே இருக்கமாட்டான். ஆகவே கேள்விக்குத் தேவையான விவரத்தைக் கேள்விக்குள்ளேயே, சின்ன வாக்கியங்களில் கொடுத்துவிட வேண்டும். வாக்கியம் நீண்டு சிக்கலானால், நாம் சோதிப்பது அறிவியலை விட்டு வாசிப்புத் திறனுக்குப் போய்விடும்.

இந்த நியாயப் பிரச்சினை தமிழ்நாட்டுக்குப் பெரிய அளவில் வந்த கதை ஒன்று உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காகப் பல நாடுகளில் நடக்கும் பீசா தேர்வின் 2009-ம் ஆண்டுச் சுற்று, கூடுதலாகச் சேர்ந்த இடங்களில் பிறகு நடந்தது. அதில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. அறிவியலில் தமிழ்நாட்டின் சராசரி 348. தேர்வை நடத்தும் ஓஇசிடி நாடுகளின் சராசரி 501. பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருந்தோம். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, அடுத்த சுற்றுகளிலிருந்து இந்தியா விலகிக்கொண்டது.

சூழல் பொருந்தவில்லை என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. 2006-ம் ஆண்டுச் சுற்றில் கேட்டு, பிறகு வெளியிட்ட அமில மழைக் கேள்விகளைப் பாருங்கள். ஏதென்ஸ் நகரத்துப் பளிங்குச் சிலைகளில் கதை தொடங்குகிறது. ஆனால் அந்தப் போர்வையை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது இதுதான்: பளிங்குச் சில்லை இரவு முழுவதும் வினிகரில் ஊறவைத்துக் காயவைத்தால் எடை கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? அடுத்து, இன்னொரு சில்லை எதற்காக வெறும் நீரில் ஊறவைத்தார்கள்? பளிங்குக்குப் பதில் நம் கடற்கரைக் கிளிஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலில் குமிழி வரும், எடை குறையும். வெறும் நீரில் ஒன்றும் ஆகாது. எடையைக் குறைத்தது நீரில்லை, வினிகரின் அமிலம்தான் என்று உறுதியாகச் சொல்வதற்கே அந்த இரண்டாவது கிளிஞ்சல். ஏதென்ஸைச் சுலபமாக மரக்காணம் ஆக்கிவிட்டோம். அந்த இரண்டாவது கேள்வியை நம் வகுப்புகளில் கேட்கிறோமா என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வரையறையையும் சமன்பாட்டையும் கேட்கிறோம். ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்பது குறைவு.

முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் பதினாறு பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. அதுவும் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குத்தான். கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து கற்றார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறையும் உண்டு. புத்தகம் திறந்திருக்கும்போது வரையறை கேட்டுப் பயனில்லை, யோசிக்க வைக்கும் கேள்விதான் கேட்டாக வேண்டும். முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டத்தை 2002-ல் அரசு நிறுத்தியது. நம் நாட்டுக் கல்வியில் நேர்ந்த பெரிய இழப்புகளில் ஒன்று அது.

நம் ஊரில் 2012-13-ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்தார்கள். வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உப்பளத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே டிகிரி பார்ப்பார்கள். உவர்நீரில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழாய், நீரில் உப்பு ஏற ஏற மேலெழும். கடல்நீர் சுமார் மூன்றரை டிகிரி காட்டும். 25 டிகிரியை ஒட்டி உப்பு படியத் தொடங்கும். 30-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகளும் கலந்து கசப்பேறும். நீரை எப்போது அடுத்த பாத்திக்குத் திருப்புவது, எப்போது மிச்சத்தை வெளியேற்றுவது என்று முடிவெடுக்கத்தான் டிகிரி. பருவம் முடிந்தபின் மூட்டை எண்ணுவது வேறு வேலை. அந்தக் கணக்கும் வேண்டும்தான், ஆனால் அதைக் கொண்டு போன மாதப் பாத்தியைத் திருத்த முடியாது. வளரறி என்பது டிகிரி பார்ப்பது. தொகுத்தறி என்பது மூட்டை எண்ணுவது. அந்த 40 மதிப்பெண்ணையும் அட்டையில் படம் ஒட்டுவதற்குக் கொடுத்துவிட்டால், மூட்டையை இரண்டு தடவை எண்ணியதாகத்தான் ஆகும்.

ஆள் தேர்ந்தெடுக்கும் தேர்வின் கணக்கும் வேறு. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சர்வதேச இளையோர் அறிவியல் ஒலிம்பியாட் 2004-ல் ஜகார்த்தாவில் தொடங்கியது. 2013-ல் நம் புனேயிலும் நடந்தது. அங்கும் மூன்று பாடங்களும் சேர்ந்தே வரும். கொள்குறி வினாவில் தப்பாக எழுதினால் மதிப்பெண் கழிப்பார்கள். பதக்கத்துக்கு ஆள் பொறுக்கும் இடத்தில் அது சரி. ஏழாம் வகுப்பில் அதையே செய்தால் பிள்ளை தன் மனதில் உள்ளதை எழுதாமல் இடத்தைக் காலியாக விட்டுவிடும். நமக்கு வேண்டியதோ அந்தத் தப்புதான்.

தப்பு கிடைத்த மறுநாள் காலை என்ன செய்வது? ஒரு கிலோ நீரில் 100 கிராம் உப்பைக் கரைத்தால் மொத்த எடை எவ்வளவு என்று கேட்டிருந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வகுப்பு 1000 கிராம் என்று எழுதியிருக்கிறது, உப்புதான் கரைந்துபோய்விட்டதே என்று. மளிகைக் கடை எடை இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கி வாருங்கள். எடை போடுமுன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தை நோட்டில் எழுதட்டும். பிறகு கண்ணெதிரே கரைத்து நிறுத்துக் காட்டுங்கள். பாத்திரத்தின் எடை போக 1100 கிராம். ஏன் என்று முதலில் அவர்கள் பேசட்டும், நாம் பிறகு பேசலாம். இரண்டு வாரம் கழித்து அதே விஷயத்தை வேறு உருவில் கேளுங்கள்: அந்த நீர் முழுவதையும் வற்றவைத்தால் எத்தனை கிராம் உப்பு மிஞ்சும்? 100 என்று எழுதியவர்களோடு அடுத்த பாடத்துக்குப் போகலாம். 60, 70 என்று எழுதியவர்களிடம் மிச்சம் எங்கே போனது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷத்துக் கேள்விக்கான விடைகள் அவை.